சிப்-3ஏ4 ஆன்டிபாடி: பட்டை விழுந்தால் மட்டும் போதாது – மருந்துச் சிதைவு நொதியைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து, சவ்வுக்கு மாற்றி, குறிப்பிட்ட புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) 57 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் ஒரு பட்டை விழுந்ததும், கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதியான சிப்-3ஏ4 (CYP3A4) இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். வேறு புரதமாக இருந்தால் எடை பொருந்துவதே பாதிச் சான்று. சிப்-3ஏ4 சேர்ந்த சைட்டோகுரோம் பி450 நொதிக் குடும்பத்தில் அந்த நியாயம் எடுபடாது. சிப்-3ஏ4-இல் 503 அமினோ அமிலங்கள், சிப்-3ஏ5-இல் 502, சிப்-2டி6-இல் 497, சிப்-2சி9-இல் 490. ஒரே உயரத்தில் வளர்ந்த அண்ணன் தம்பிகள் மாதிரி எல்லாம் ஜெல்லில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். ஆகவே எடை பொருந்தியது என்பதற்கு இங்கே அநேகமாக மதிப்பே இல்லை. அந்தப் பட்டை யாருடையது என்பதை உங்கள் ஜெல்லிலேயே, உங்கள் கையாலேயே நிரூபிக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, எம்ஆர்என்ஏ (புரதத்தை உருவாக்க ஜீன் அனுப்பும் செய்தி) அளவைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். சில கேள்விகளுக்குப் போதும். ஆனால் கிரேப்ஃப்ரூட் சாறு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். அந்தச் சாற்றைக் குடித்தவர்களின் குடல் சுவரில் சிப்-3ஏ4 புரதம் வெகுவாகக் குறைந்தது, எம்ஆர்என்ஏ குறையவில்லை என்று 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எம்ஆர்என்ஏவை மட்டும் அளந்திருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். புழக்கத்தில் உள்ள மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நொதியின் கையால்தான் சிதைகின்றன என்று கணக்கிடுகிறார்கள். அதைப் புரதமாக அளக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

விற்பனைப் பக்கத்தில் உள்ள அழகான பிளாட் படத்தை விட்டுவிடுங்கள். முதலில் தேட வேண்டியது, விலங்குக்கு எதைச் செலுத்தி இந்த ஆன்டிபாடியை உருவாக்கினார்கள் என்ற தகவல், அதாவது இம்யூனோஜன். முழுப் புரதமா, ஒரு துண்டா, பத்துப் பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடா? முழுப் புரதம் என்றால் எச்சரிக்கை மணி அடிக்கட்டும். சிப்-3ஏ4-உம் 3ஏ5-உம் ஏறத்தாழ 84 சதவீதம் ஒரே வரிசை. கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரலில் மிகுதியாக இருக்கும் 3ஏ7 இன்னும் நெருக்கம். முழுப் புரதத்தைச் செலுத்திப் பெற்ற பாலிகுளோனல் (புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கும் கலவையான) ஆன்டிபாடி இம்மூன்றையும் பிடிக்கத்தான் அதிக வாய்ப்பு. அது கெட்ட ஆன்டிபாடி என்று பொருளல்ல. மொத்த 3ஏ வகையை அளக்க அது நன்றாகவே உதவும். முடிவில் "சிப்-3ஏ" என்று எழுதினால் சிக்கலில்லை. "சிப்-3ஏ4" என்று எழுதினால்தான் பொய்யாகிவிடும்.

பெப்டைடு என்றால் அந்த வரிசையைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் போடவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டால் பல நிறுவனங்கள் தருகின்றன, குறைந்தபட்சம் எத்தனையாவது அமினோ அமிலத்திலிருந்து எதுவரை என்றாவது சொல்கின்றன. கிடைத்ததும் யூனிபுரோட் என்ற புரதத் தரவுத் தளத்தில் 3ஏ4, 3ஏ5, 3ஏ7, 3ஏ43 ஆகிய நான்கு வரிசைகளையும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அந்தத் துண்டு எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை; ஆறு மாத வீண் உழைப்பைத் தவிர்க்கும். உதாரணமாக, சங்கிலியின் கடைசி முனையில் 3ஏ4 வேலின், செரின், கிளைசின், அலனின் என்று முடிகிறது. 3ஏ5 லியூசின், செரின், கிளைசின், குளுட்டமிக் அமிலம் என்று முடிகிறது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் அந்த முனையைக் குறிவைத்து எழுப்பிய ஆன்டிபாடி இரண்டையும் பிரித்தறிய இதுவே போதுமானதாக இருக்கலாம். நடுப்பகுதியில் நான்கிலும் ஒன்றுபோலவே இருக்கும் ஒரு துண்டைக் குறிவைத்த ஆன்டிபாடியை, மோனோகுளோனல் என்ற பெயரே காப்பாற்றாது. மோனோகுளோனல் என்றால் ஒரே எபிடோப்பை, அதாவது புரதத்தில் ஆன்டிபாடி பற்றும் ஒரே இடத்தை, பிடிக்கும் என்றுதான் பொருள்; அந்த எபிடோப் ஒரே புரதத்தில்தான் இருக்கிறது என்று பொருளல்ல.

இன்னொன்று: எந்தப் பயன்பாட்டுக்குச் சோதித்திருக்கிறார்கள்? புரதத்தின் மடிப்பை அவிழ்க்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் உள்ள ஜெல்லில் புரதம் நீண்டு விரிந்து கிடக்கும். திசுத் துண்டில் ஃபார்மலினால் இறுகியிருக்கும். நொதியின் செயலைத் தடுக்கப் பயன்படுத்தும் ஆன்டிபாடி, மடிந்த நிலையில் உள்ள புரதத்தைப் பிடித்தாக வேண்டும். ஒன்றில் வேலை செய்வது மற்றொன்றில் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

மாதிரியைத் தயாரித்தல்

சிப்-3ஏ4 எண்டோபிளாச வலையின் சவ்வில், தன் முன்முனையை நங்கூரமாக ஊன்றிக்கொண்டு இருக்கும் புரதம். எனவே கல்லீரல் திசுவிலிருந்து மைக்ரோசோமை (அந்த வலையின் சவ்வுத் துணுக்குகளை) பிரித்தெடுத்தால் சமிக்ஞை பலமாக வரும். திசுவைக் குளிர்ந்த சுக்ரோஸ் அல்லது பொட்டாசியம் குளோரைடு கரைசலில், புரோட்டியேஸ் தடுப்பான்கள் சேர்த்து அரைத்து, 9,000 ஜி வேகத்தில் 20 நிமிடம் சுழற்றுங்கள். மேலே நிற்கும் திரவத்தை, மிதக்கும் கொழுப்பை விட்டுவிட்டு எடுத்து, 1,00,000 ஜி-யில் 60 நிமிடம் சுழற்றுங்கள். அடியில் படிவதுதான் மைக்ரோசோம். 20 சதவீதம் கிளிசரால் உள்ள பாஸ்பேட் பஃபரில், பிஎச் 7.4-இல் கலக்கி, சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். எல்லாமே பனிக்கட்டியின் மேல். மனிதத் திசு என்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு ஏற்பாடும் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

வளர்ப்புச் செல்கள் என்றால் முழு லைசேட்டே (செல்களை உடைத்த கரைசலே) போதும், ஆனால் எந்தச் செல் என்பது முக்கியம். ஹெப்-ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்லில் சிப்-3ஏ4 மிக மிகக் குறைவு. தூண்டாத ஹெப்-ஜி2 லைசேட்டில் 57-இல் கொழுத்த பட்டை வந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். முதிர்ந்த நிலைக்குக் கொண்டுவந்த ஹெபாஆர்ஜி செல்கள், அல்லது முதன்மை ஹெபடோசைட்டுகள் (கல்லீரலிலிருந்து நேரடியாக எடுத்த செல்கள்) நல்ல தேர்வு. ஹெபடோசைட்டுகளை 10 மைக்ரோமோலார் ரிஃபாம்பிசினில் 48 முதல் 72 மணி நேரம் வைத்தால் பிஎக்ஸ்ஆர் ஏற்பி வழியாக 3ஏ4 கூடும். தூண்டியது, தூண்டாதது என்ற இந்த ஜோடி ஆன்டிபாடியைச் சோதிக்கவும் உதவும். அளவு கூடாமல் அப்படியே நிற்கும் பட்டை நீங்கள் தேடும் ஆளாக இருக்க வாய்ப்பு குறைவு.

புரத அளவை பிசிஏ முறையில் பாருங்கள். பஃபரில் டிடிடி (புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் பொருள்) இருந்தால் அந்த அளவீடு கெடும். ஆகவே அளந்து முடித்த பிறகு டிடிடி சேருங்கள்.

எந்த லேனில் எதை வைப்பது

முழு வேலையின் உயிர்நாடி இதுதான். புது ஆன்டிபாடி வந்ததும் ஓட்டும் முதல் ஜெல்லில் உங்கள் ஆய்வு மாதிரியை வைக்க ஆசைப்படாதீர்கள். முதல் ஜெல் ஆன்டிபாடிக்கு வைக்கும் தேர்வு.

பத்து கிணறு (மாதிரியை ஊற்றும் குழி; அதிலிருந்து கீழே ஓடும் தடமே லேன்) ஜெல் என்றால் நான் இப்படி வைப்பேன். முதலில் எடைக் குறியீடு. அடுத்த மூன்று கிணறுகளில், பூச்சிச் செல்களில் ஜீனை ஏற்றி உருவாக்கிய மறுசேர்க்கை 3ஏ4, 3ஏ5, 3ஏ7 மைக்ரோசோம்கள், மூன்றும் சம அளவு, தலா 0.1 பிகோமோல். 3ஏ4-இன் எடைக்கு இது சுமார் 6 நானோகிராம். ஐந்தாவதில் எந்த சிப்-ஜீனும் ஏற்றாத வெறும் பூச்சிச் செல் மைக்ரோசோம். ஆறு, ஏழு, எட்டில் பலரின் கல்லீரலைக் கலந்து எடுத்த மனித மைக்ரோசோம் 2.5, 5, 10 மைக்ரோகிராம். ஒன்பதில் ஹெச்இகே293 என்ற சிறுநீரகச் செல் வகையின் லைசேட், எதிர்மறைச் சான்றாக. பத்தாவதைக் காலியாக விடுங்கள். சமிக்ஞை பக்கத்து லேனுக்குக் கசிகிறதா என்று காட்டிக்கொடுக்கும்.

இதில் இரண்டு நுணுக்கங்கள். மறுசேர்க்கை லேன்களில் மொத்தப் புரதம் கல்லீரல் லேன்களைவிடக் குறைவாக இருக்கும். பட்டை ஓடும் விதமே மாறும். வெறும் மைக்ரோசோமைச் சேர்த்து எல்லா லேன்களிலும் மொத்தப் புரதத்தைச் சமமாக்குங்கள். இரண்டாவது, மறுசேர்க்கைப் புரதம் எங்கே தயாரானது என்று பாருங்கள். பாக்டீரியாவில் எடுத்தவற்றில் முன்முனையைத் திருத்தியோ வெட்டியோ இருப்பார்கள், சிலவற்றில் ஹிஸ்டிடின் வாலும் ஒட்டியிருக்கும். அவை சற்றுத் தள்ளி ஓடும். முன்முனையைக் குறிவைத்த ஆன்டிபாடி அவற்றைப் பிடிக்காமலே போகலாம். அதைப் பார்த்து ஆன்டிபாடி சரியில்லை என்று பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

இந்தத் தேர்வின் விடை உங்கள் கேள்வியையே தீர்மானிக்கும். 3ஏ4 லேனில் மட்டும் பட்டை என்றால் சிறப்பு. 3ஏ5-இலும் வந்தால், எந்த அளவு பங்கு என்று கணக்கிட்டுக் குறித்துவையுங்கள். பலரிடம் 3ஏ5*3 என்ற மரபு மாற்றத்தால் 3ஏ5 புரதம் அநேகமாக உருவாவதே இல்லை. அவர்களின் மாதிரிகளில் குறுக்குப் பிடிப்பு பெரிதாகப் பாதிக்காது. மாதிரி கொடுத்தவர்களில் யாருக்கு இந்த மாற்றம் இருக்கிறது என்று தெரியாமல், குறுக்குப் பிடிப்பு உள்ள ஆன்டிபாடியால் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் மட்டும் கதை மாறிவிடும்.

சூடாக்கி, ஓட்டி, சவ்வுக்கு மாற்றுதல்

லெம்லி பஃபரில் (ஜெல்லில் ஏற்றுவதற்கான எஸ்டிஎஸ் கரைசலில்) கலந்த மாதிரியை வழக்கம்போல 95 டிகிரியில் கொதிக்க வைக்கும் பழக்கம் சவ்வுப் புரதங்களுக்கு எப்போதும் ஒத்துவருவதில்லை. சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிணற்றின் வாயிலேயே தங்கிவிடும். 70 டிகிரியில் 10 நிமிடம், 95-இல் 5 நிமிடம் என்று ஒரே மாதிரியை ஒருமுறை பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். ஜெல்லின் உச்சியில் கறுப்புக் கறையும் 57-இல் மெல்லிய பட்டையும் தெரிந்தால் காரணம் அதுதான்.

10 சதவீத ஜெல் போதும். 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட பகுதி நன்கு விரிய வேண்டும் என்றால் சாயம் வெளியேறிய பிறகும் கொஞ்சம் ஓட விடலாம். என்ன செய்தாலும் 3ஏ4-உம் 3ஏ5-உம் தனித்தனியாகப் பிரிந்து தெரியும் என்று நம்பி ஆய்வைத் திட்டமிடாதீர்கள்.

0.45 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வை மெத்தனாலில் நனைத்து, 20 சதவீத மெத்தனால் உள்ள பஃபரில் குளிரறையில் 100 வோல்ட்டில் ஒரு மணி நேரம் மாற்றுங்கள். முடிந்ததும் எல்லாப் புரதத்தையும் காட்டும் பான்சோ எஸ் சாயம் ஊற்றிப் பார்த்து, அந்தப் படத்தையும் எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆன்டிபாடியில் ஊறவைத்தல்

சவ்வின் காலி இடங்களை மூட, 0.1 சதவீதம் ட்வீன்-20 உள்ள டிபிஎஸ் பஃபரில் 5 சதவீதம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, அதில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். முதல் ஆன்டிபாடியை 1:500, 1:1,000, 1:5,000 என்று மூன்று நீர்ப்பில், சவ்வைக் கீற்றுகளாக வெட்டி, 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். தாளில் அச்சடித்திருக்கும் நீர்ப்பு ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை கழுவி, எச்ஆர்பி என்ற நொதி ஒட்டிய, முதல் ஆன்டிபாடியைப் பற்றும் இரண்டாம் ஆன்டிபாடியை 1:5,000 முதல் 1:10,000 வரை ஒரு மணி நேரம் வைத்து, மறுபடி கழுவி, எச்ஆர்பி இருக்கும் இடத்தில் ஒளி எழுப்பும் ஈசிஎல் கரைசலை ஊற்றுங்கள். முதல் ஆன்டிபாடியை மறுபடி பயன்படுத்த சோடியம் அசைடு சேர்ப்பதில் தவறில்லை; எச்ஆர்பி உள்ள கரைசலில் மட்டும் அது சேரக் கூடாது, அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

ஒரு கீற்றை முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாம் ஆன்டிபாடியில் மட்டும் ஊறவிடுங்கள். கல்லீரல் திசுவில் ரத்தமும், அதோடு ஐஜிஜி என்ற ரத்த ஆன்டிபாடியும் இருக்கும். ஐஜிஜி-யின் கனச் சங்கிலி 50 கிலோடால்டன் பக்கத்தில், நம் நொதிக்கு அண்டை வீட்டில், நிற்கிறது. இரண்டாம் ஆன்டிபாடி மனித ஐஜிஜி-யைக் கொஞ்சம் பிடித்தாலும் போதும், போலிப் பட்டை தயார்.

ஒப்பீட்டுப் புரதத்தில் விழும் பொறி

எல்லா லேனிலும் சம அளவு ஏற்றினோம் என்று காட்ட, பழக்கத்தில் பலர் ஜிஏபிடிஎச் அல்லது பீட்டா ஆக்டின் என்ற புரதத்தைப் பிடித்துக் காட்டுகிறார்கள். ஜிஏபிடிஎச் சைட்டோசோல் (செல்லின் திரவப் பகுதி) புரதம். மைக்ரோசோம் தயாரிப்பில் அதைத்தான் நீங்கள் கழுவி வெளியேற்றினீர்கள். மிச்சம் இருப்பது கழுவிய தரத்தைக் காட்டுமே தவிர ஏற்றிய அளவைக் காட்டாது. எண்டோபிளாச வலையிலேயே இருப்பதால் பிடிஐ என்ற புரதம் நல்ல தேர்வாகத் தோன்றும். அதன் எடையும் 57 பக்கம்தான், நம் பட்டையின் மேலேயே வந்து உட்காரும். டியூபுலினும் அதே பகுதியில்தான். கால்நெக்சின் 90 பக்கத்தில் ஓடும், அதே சவ்வில் இருக்கும் புரதம், அதுதான் வசதி. அதைவிட நல்லது, லேனில் உள்ள மொத்தப் புரதத்தின் சாயப் படத்தோடு ஒப்பிடுவது. தூண்டிகள் எண்டோபிளாச வலையையே பெருக்கிவிடக் கூடும் என்பதால், தூண்டல் ஆய்வுகளில் கால்நெக்சினையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

பட்டையை எண்ணாக்குதல்

ஆளுக்கு ஆள் கல்லீரலில் 3ஏ4 அளவு பத்து மடங்குக்கு மேலும் மாறுபடும். ஒரே வெளிப்பாட்டு நேரத்தில் ஒருவருடைய பட்டை கண்ணுக்கே தெரியாது, இன்னொருவருடையது வெளுத்துப் போகும் அளவுக்கு நிறைந்திருக்கும். நிறைந்த பட்டையை மென்பொருள் அளக்கத்தான் செய்யும், எண்ணும் தரும். அந்த எண் உண்மையைவிடக் குறைவு. எனவே ஒவ்வொரு ஜெல்லிலும் மறுசேர்க்கை 3ஏ4-ஐ நாலைந்து அளவுகளில் வைத்துக் கோடு வரைந்து, மாதிரிகள் அந்தக் கோட்டின் நேரான பகுதிக்குள் விழும்படி ஏற்றும் அளவைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டும். ஒரு மில்லிகிராம் மைக்ரோசோமில் 100 பிகோமோல் இருப்பதாக வைத்துக்கொண்டால் 10 மைக்ரோகிராமில் 1 பிகோமோல். 0.1 முதல் 2 பிகோமோல் வரை கோடு வரைந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

அளவு கிடைத்ததும் அதை நொதியின் செயலோடு ஒப்பிடுங்கள்: மிடசோலம் 1'-ஹைட்ராக்சிலேஷன் அல்லது டெஸ்டோஸ்டிரோன் 6பீட்டா-ஹைட்ராக்சிலேஷன். பல கல்லீரல்களில் பட்டையின் அளவும் செயலின் அளவும் சேர்ந்தே ஏறி இறங்கினால் ஆன்டிபாடியின் மேல் நம்பிக்கை வைக்கலாம். 2016-இல் ஆன்டிபாடி சரிபார்ப்புக்கான பன்னாட்டுக் குழு பரிந்துரைத்த ஐந்து வழிகளில் இதுவும் ஒன்று, அதாவது ஆன்டிபாடியைச் சாராத வேறு அளவீட்டோடு ஒப்பிடுவது. ஜீனை நீக்கிப் பார்ப்பது, வேறொரு எபிடோப்பைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது, குறியிட்ட புரதத்தை வெளிப்படுத்திப் பார்ப்பது, பிடிபட்டதை நிறை நிறமாலையில் அடையாளம் காண்பது ஆகியவை மற்ற நான்கு.

செயலும் பட்டையும் ஒத்துப்போகாவிட்டால் உடனே ஆன்டிபாடியைக் குறை சொல்ல வேண்டாம். கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகள் நொதியின் ஹீமை (இரும்புள்ள வேலை மையத்தை) பற்றிக்கொண்டு வேலையை முடக்கும். புரதம் அப்படியே இருக்கும், பட்டையும் விழும். உறைவித்து உருக்கி உறைவித்துக் கெட்டுப்போன மைக்ரோசோமிலும் அப்படித்தான்: கார்பன் மோனாக்சைடு நிறமாலையில் 450 நானோமீட்டர் முகடு 420-க்கு நகர்ந்திருக்கும், ஜெல்லில் அதன் அடையாளமே தெரியாது. எஸ்டிஎஸ் ஜெல்லுக்கு உயிருள்ள நொதியும் செத்த நொதியும் ஒன்றுதான்.

திசுத் துண்டில் பார்க்க விரும்பினால்

சுருக்கமாகச் சொல்கிறேன், இது தனிக் கட்டுரைக்கான விஷயம். பாரஃபின் துண்டுகளில் எபிடோப்பை மீட்க சிட்ரேட் பிஎச் 6, டிரிஸ்-ஈடிடிஏ பிஎச் 9 இரண்டையும் சோதியுங்கள். கல்லீரலில் இயற்கையாகவே பயோட்டின் நிறைய என்பதால் அவிடின்-பயோட்டின் முறையைத் தவிர்த்து பாலிமர் முறைக்குப் போங்கள். டாப் (DAB) சாயத்தின் பழுப்பும் லிப்போஃபஸ்சின் நிறமியின் பழுப்பும் ஒன்றுபோல இருக்கும். சாயம் போடாத துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். சரியான சாயத்தில் மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்கள் ஆழமாகவும், ரத்தம் நுழையும் போர்ட்டல் பக்கம் வெளிறியும் தெரியும். சிறுகுடலில் விரல்போல நீட்டிய குடலுறிஞ்சிகளின் செல்கள் நிறம் பிடிக்கும், அடியில் உள்ள குழிகளின் செல்கள் பிடிக்காது. எல்லாச் செல்லும் ஒரே மாதிரி பழுப்பாக இருந்தால் நீர்ப்பு சரியில்லை, அல்லது ஆன்டிபாடி சரியில்லை.

புட்டி தீர்ந்து புதியது வந்தால்

ஆன்டிபாடியை வந்த அன்றே 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாத பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20-இல் வையுங்கள், தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் அல்ல. பாதிக்குப் பாதி கிளிசரால் உள்ளது என்றால் அந்தக் குளிரில் உறையாது, பங்கிடாமலும் வைக்கலாம். லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், கட்டுரையிலும் எழுதுங்கள். பாலிகுளோனல் என்றால் அடுத்த லாட் வேறொரு விலங்கின் ரத்தத்திலிருந்து வந்திருக்கலாம்; பெயரும் பட்டியல் எண்ணும் அதேதான், பிடிப்பு வேறு. பழைய லாட்டில் இரண்டு பங்குகளை ஒதுக்கி வைத்து, புதியது வந்ததும் மேலே சொன்ன பத்துக் கிணறு ஜெல்லை இரட்டையாக ஓட்டி, ஒன்றைப் பழையதிலும் மற்றதைப் புதியதிலும் ஊறவிட்டுப் பாருங்கள். 3ஏ5 லேனில் முன்பு இல்லாத பட்டை புதியதில் தலைகாட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வை பழைய லாட்டிலேயே முடித்துவிட்டு, புதியதை அடுத்த ஆய்வுக்குத் தனிக் கோட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள்.